சோர்வின் கணக்கு

2021ல் ஒரு கவிதைத் தொகுதிக்கு எழுதிய மதிப்புரையில், அக்கவிதைகளின் ஆதார ஸ்வரம் சோர்வு என்று எழுதினேன். எழுதிய சமயம் அந்த வாக்கியம் எனக்குத் திருப்தியாகவே இருந்தது. அதை வைத்து யாரும் சண்டைக்கு வரவில்லை. கவிஞர் மட்டும் போன் செய்து, 'ஸ்வரம்' என்று போட்டது நன்றாயிருக்கிறது என்றார். சோர்வு என்ற சொல்லைப் பற்றி அவருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. நம் வட்டத்தில் அது புழங்கித் தேய்ந்த நாணயம். கை மாறும்போது யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த வருஷம் அதே சொல்லுக்கு எதிரே ஒரு எண்ணைச் சுழித்துக் காட்டச் சொல்லி என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். சுழிக்க வேண்டியது என் அம்மாவின் சோர்வுக்கு.

அம்மாவுக்கு அப்போது 63 வயது. கோவில்பட்டியில் 26 வருஷம் இட்லிக் கடை நடத்தியவள். கடை என்றால் வீட்டு முன்பக்கம் இறக்கிய ஒரு தகரச் சாய்ப்பு. விறகு மலிவாய்க் கிடைக்கும் நாளில் விறகு, கிடைக்காத நாளில் பருத்திமார். மழைக்காலத்தில் இரண்டும் ஈரமாயிருக்கும். ஈர விறகுக்கு முன் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருக்கும் அம்மாவின் முகம் புகைக்குள்ளிருந்து வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஸ்கூல் பாடம் படித்தேன். பிறகு அந்த வருமானத்தில் பி.ஏ. ஆங்கிலமும் படித்தேன். இதை உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்பது. அம்மா சிரித்துவிட்டாள். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குப் புகையிலைதான் முதல் காரணம். நம் ஊர்ப் பெண்களுக்கு அடுப்பே போதும். ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னார்கள். முதல் ஒரு விநாடியில் வெளியே வந்த காற்று 0.9 லிட்டர். அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதி.

மருந்து கொடுத்தார்கள். அதோடு 8 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று எழுதிக்கொடுத்தார்கள். மறுவாழ்வு என்ற சொல் எனக்குச் சங்கடமாக இருந்தது. அகதிகளுக்கும் குடிகாரர்களுக்கும் சொல்கிற சொல் அது. உள்ளே நடந்தது மிகச் சாதாரணமான விஷயம். நடக்க வைத்தார்கள், சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் கொடுத்துத் தூக்கி இறக்கச் சொன்னார்கள். நுரையீரல் திரும்ப வளராது. அது தெரிந்துதான் செய்கிறார்கள். மூச்சு முட்டுமே என்ற பயத்தில் நடக்காமல் இருந்து இருந்து கால் சதை கரைந்துபோகிறது. கரைந்த சதைக்குச் சின்ன வேலைக்கே அதிகக் காற்று வேண்டியிருக்கிறது. அதனால் இன்னும் மூச்சு முட்டுகிறது, இன்னும் நடக்காமல் இருக்கிறார்கள். இந்தச் சுற்றைக் காலிலிருந்து அறுக்கப் பார்க்கிறார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விடக் கற்றுக்கொடுத்தபோது அம்மா முதல் தடவையே சரியாகச் செய்தாள். "ஊதுகுழல் ஊதுத மாதிரில்லா தாயி" என்றாள். பிஸியோதெரபிஸ்ட் சின்னப் பெண். ஊதுகுழலைப் பார்த்திருக்கமாட்டாள் போலும். ஆமாம் என்று தலையாட்டினாள்.

இந்தப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கிறார்கள். அளவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆறு நிமிஷ நடை. 30 மீட்டர் நீளத் தாழ்வாரம், இரண்டு கோடியிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் நிற்காது. நடத்துகிறவர் கூடவே நடக்கக்கூடாது. ஒவ்வொரு நிமிஷம் முடியும்போதும் அவர் என்ன சொல்லலாம் என்பதைக்கூட 2002ல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்களின் சங்கம் எழுதிவைத்திருக்கிறது. நன்றாகச் செய்கிறீர்கள், இத்தனை நிமிஷம் பாக்கி என்கிற மாதிரி, குரலைக்கூட ஏற்றாமல் இறக்காமல். அதற்கு மேல் ஒரு வார்த்தை உற்சாகம் சொன்னாலும் நோயாளி கூடுதலாகச் சில மீட்டர் நடந்துவிடுவாராம், அளவு கெட்டுவிடுமாம். புத்தக வெளியீட்டு விழாக்களில் பேசுகிறவர்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை என்று தோன்றியது. முதல் நாள் அம்மா 252 மீட்டர் நடந்தாள். இரண்டு தடவை நின்றாள்.

நடை முடிந்ததும் ஒரு அட்டையைக் காட்டி, மூச்சுத்திணறல் எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். குன்னர் போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளர் உண்டாக்கிய அட்டை. அவருடைய பழைய அளவுகோல் 6ல் ஆரம்பித்து 20ல் முடியும். பூஜ்யத்தில் ஆரம்பிக்காத அளவுகோலை நான் அதுவரை பார்த்ததில்லை. காரணம் ரொம்ப எளிது. ஆரோக்கியமான ஒருவரின் இதயம் நிமிஷத்துக்கு 60லிருந்து 200 வரை துடிக்கும். அவர் வாயால் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய துடிப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது கணக்கு. வாய்ச்சொல்லையும் நாடியையும் ஒரே கோட்டில் நிறுத்தப் பார்த்த மனிதர். 1982ல் பூஜ்யத்திலிருந்து பத்து வரை உள்ள இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிகளில் மூச்சுத்திணறலுக்குப் பெரும்பாலும் புழங்குவது இதுதான். இதில் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் அரை என்று ஒரு படி உண்டு. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலைக்கு அந்த அரை. அந்த ஒரு படிக்காகவே அவரைக் கவிஞர்களோடு சேர்க்கலாம்.

இந்த ஆசை பழைய ஆசைதான். இத்தாலியில் டூரின் நகரத்து உடலியல் பேராசிரியர் ஆஞ்செலோ மோஸ்ஸோ 1891ல் களைப்பைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் போட்டார். எர்கோகிராப் என்று ஒரு கருவி செய்திருந்தார். கையைக் கட்டிவைத்து நடுவிரலால் மட்டும் ஒரு எடையைத் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கலின் உயரத்தையும் ஒரு முள் காகிதத்தில் கீறிக்கொண்டே போகும், உயரம் குறைந்து குறைந்து ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். தன்னுடைய சகா ஒருவர் மாணவர்களுக்கு வாய்மொழிப் பரீட்சை நடத்திவிட்டு வந்ததும் அந்த விரலைச் சோதித்திருக்கிறார். பரீட்சைக்கு முன்பு தூக்கிய அளவு பரீட்சைக்குப் பின்பு தூக்க முடியவில்லை. கேள்வி கேட்டதற்கே விரல் களைத்துப்போயிருந்தது. மதிப்பெண் போடுகிறவனும் களைக்கிறான் என்பதற்குக் காகித அத்தாட்சி.

என் கையில் கொடுத்த தாளில் முள்ளும் இல்லை, எடையும் இல்லை. 13 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை ஒரு எண்ணைச் சுழிக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 52. கூட எண் வந்தால் சோர்வு குறைவு என்று அர்த்தம். ரத்தசோகை வந்த புற்றுநோயாளிகளுக்காக 1990களில் அமெரிக்காவில் செய்த தாள். பிறகு மற்ற நோய்களுக்கும் பரவியது. நல்ல தாள் என்றுதான் சொல்கிறார்கள். 3 அல்லது 4 எண் வித்தியாசம் வந்தாலே நோயாளிக்கு உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது என்று கொள்ளலாமாம்.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து நான் வாசித்தேன், அம்மா பதில் சொன்னாள். போன ஒரு வாரத்தில் களைப்பாக இருந்ததா என்று கேட்டேன்.

"களைப்புன்னா வேல செஞ்சு வாரதுல்லாய்யா? நான் என்னத்தச் செஞ்சேன் களைக்கதுக்கு?"

இல்லவே இல்லை என்று சுழித்தேன். அடுத்தது சோர்வு. "சோந்துபோயி உக்காந்தா கட நடக்குமா?" என்றாள். கடையை மூடி ஏழு வருஷம் ஆகிவிட்டது. அதற்கும் இல்லை. பகலில் தூக்கம் தேவைப்படுகிறதா என்றதற்கு, எல்லாரும் மதியம் கண் அசருவதுதானே என்றாள். நினைத்ததைச் செய்ய முடியாமல் எரிச்சல் வருகிறதா என்றதற்கு, தான் எதையும் நினைப்பதில்லை என்றாள். கூட்டிப் பார்த்தேன். 41. ஆரோக்கியமான ஜனங்கள் வாங்குகிற எண்ணுக்குக் கிட்டத்தட்ட சமீபம். பிஸியோதெரபிஸ்ட் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு டயர்ட்னெஸே இல்ல போல சார்" என்றாள். 252 மீட்டருக்குள் இரண்டு தடவை சுவரில் சாய்ந்தவளைப் பற்றித்தான் பேச்சு.

வர்ஜீனியா வுல்ஃப் 1926ல் எழுதிய ஒரு கட்டுரையில், நோயைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். கல்லூரியில் படித்தபோது ஆமோதித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் கஷ்டம் அதற்கு நேர் எதிரானது என்று பட்டது. தமிழில் சொற்கள் அதிகம், ஒவ்வொன்றும் தனித்தனி வாசல். களைப்பு வேலைக்குப் பின்னால் வருவது, அதில் ஒரு கௌரவம் உண்டு. அலுப்பில் உடம்பும் இருக்கிறது, மனசு சலித்துக்கொள்வதும் இருக்கிறது. அசதி தூக்கத்தின் பக்கத்து வீடு. ஓய்தல் மழைக்கும் சொல்வது, கைக்கும் சொல்வது. தள்ளாமை வயசைக் குற்றம் சொல்கிறது. இளைப்பு என்பதில் மூச்சிரைப்பும் உண்டு, உடம்பு மெலிவதும் உண்டு. அந்த மூச்சு ஆறுவதைத்தான் இளைப்பாறுதல் என்கிறோம் என்பது அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. நுரையீரல்காரர்களின் சோர்வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது, ஆனால் இன்றைக்கு அதைச் சாயங்காலப் பூங்காவுக்குத்தான் உபயோகிக்கிறோம். மொழிபெயர்த்தவர் இவற்றில் இரண்டைப் பொறுக்கி மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை. நானாக இருந்தாலும் அதே இரண்டைத்தான் போட்டிருப்பேன். அம்மா சொன்ன சொல் தாளில் எங்கேயும் இல்லை. வீட்டில் அவள் சொல்வது, "ஏலல" என்பது. ஏலவில்லை. அது உணர்ச்சியைச் சொல்கிற வார்த்தையே அல்ல, ஒரு காரியத்துக்கு முன் நின்று சொல்கிற வார்த்தை.

அந்தக் காரியங்களைத்தான் அவள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டிருந்தாள். எங்கள் வீடு மாடி போர்ஷன், 22 படி. என்னோடு வந்த புதிதில் தினம் கீழே போய் இஸ்திரி வண்டிக்காரரின் மனைவியோடு பேசிவிட்டு வருவாள். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் என்றாயிற்று. அதன்பின் கீரைக்காரியிடம் கயிற்றில் கூடை இறக்கி வாங்கினாள். பிறகு என் மனைவியே வாங்கிவந்துவிடுகிறாள் என்று கூடையும் பரணுக்குப் போயிற்று. தலை துவட்டக் கையைத் தூக்க முடியாமல் வெயிலில் உட்கார்ந்து காய வைத்தாள். வெயில் நல்லது என்றாள். எதுவுமே அவளைக் களைக்க வைக்காதபடி நாளைக் கத்தரித்து வைத்திருந்தாள். அப்படி மிச்சமிருந்த வாழ்க்கைக்கு 41 சரியான எண்தான். அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் இரண்டு வருஷமாகக் கூடவே இருந்தும், அம்மாவுக்கு வயசானதால் சாந்தமாகிவிட்டாள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் சார்லஸ் ஃப்ளெட்சர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ஞாபகத்துக்கு வருகிறார். தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலை ஆராய கார்டிஃபுக்குப் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சிப் பிரிவு 1945ல் ஏற்பட்டது. அதன் முதல் டைரக்டர் அவர். 1950களில் அவர் உண்டாக்கிய மூச்சுத்திணறல் அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் எப்படி உணர்கிறாய் என்ற கேள்வியே கிடையாது. சமதரையில் உன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா, நூறு கெஜம் போனதும் நிற்க வேண்டியிருக்கிறதா, உடுத்தி அவிழ்க்கும்போதே மூச்சு வாங்குகிறதா, வீட்டை விட்டு வெளியே போகாமலே இருக்கிறாயா. ஐந்தே படி. சுரங்கத் தொழிலாளியிடம் உணர்ச்சியின் பெயரைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்தவர் எழுதியது. எங்கள் பக்கங்களில் எத்தனையோ தடவை சொல்லிவந்த விமர்சன வாய்ப்பாடு, உணர்ச்சியின் பெயரைச் சொல்லாதே, பொருளைக் காட்டு என்பது. அதை ஒரு டாக்டர் ஐந்து வரியில் செய்திருக்கிறார். அந்தத் தாளில் அம்மா கடைசிப் படிக்கு முந்தின படி. அங்கே அவளுக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை, "நூறு கெஜம்னா நம்ம பிள்ளையார் கோயில் வரைக்கா? அதுக்குள்ள ரெண்டு மட்டம் நிக்கணும்" என்று கணக்காகச் சொன்னாள். ஆனால் ஃப்ளெட்சரின் தாள் மூச்சுக்கு. சோர்வு வேறு. நெதர்லாந்தில் 2019ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடுமையான சோர்வு இருப்பதாகவும், மூச்சுக்குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதோடு அதற்கு ஒட்டுறவு மிகக் குறைவு என்றும் சொல்கிறது. 0.9 லிட்டரை வைத்து யாருடைய களைப்பையும் ஊகிக்க முடியாது. ஆளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் இப்படி.

எட்டாவது வாரம் திரும்ப நடக்கவைத்தார்கள். 301 மீட்டர், ஒரே ஒரு தடவைதான் நின்றாள். 30 மீட்டர் கூடினாலே பலன் என்று கொள்கிறார்கள், இது 49. பிஸியோதெரபிஸ்ட் விதியை மறந்து கை தட்டிவிட்டாள். கடிகாரத்தை நிறுத்திய பிறகுதான் தட்டினாள், ஆகவே அளவு கெடவில்லை. சோர்வுத் தாளை மட்டும் வீட்டில் நிதானமாகப் பூர்த்திசெய்து அடுத்த நாள் கொண்டுவரச் சொன்னாள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்தேன். இந்தத் தடவை அம்மா வேறு மாதிரி பதில் சொன்னாள். களைப்பா, ஆமாம், சாயங்காலமானால் கால் ரெண்டும் கழண்டுபோகிறது. பகலில் படுக்க வேண்டியிருக்கிறதா, கட்டாயம். ஆரம்பித்ததை முடிக்க முடியாமல் போகிறதா, மாவாட்ட உட்கார்ந்து பாதியில் மருமகளைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. எரிச்சல் வருகிறதா, வராதா பின்னே. கூட்டினேன். 33.

எட்டு எண் இறக்கம். அவள் படுக்கப் போன பிறகும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாங்கில் சாயங்காலம் காஷ் டேலி ஆகவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பழக்கத்தில் இருப்பவன் நான். நடை ஏறியிருக்கிறது, மூச்சு தேவலை, சோர்வு மட்டும் எதிர்ப்பக்கம் போகிறது. அந்தப் பெண் கைதட்டியதும் ஞாபகம் வந்தது. இந்தத் தாளைப் பார்த்தால் அவள் முகம் எப்படிப் போகும்? பென்சிலால்தான் சுழித்திருந்தேன். ஐந்து கேள்விகளில் சுழியை அழித்துவிட்டு இரண்டிரண்டு எண் மேலே போட்டேன். 43 ஆயிற்று. 41லிருந்து 43. அடக்கமான, நம்பத்தகுந்த முன்னேற்றம். மறுநாள் கொடுத்தேன். அவள் ஃபைலில் செருகினாள்.

கவுண்டரில் ஒரு ரூபாயைக்கூட இப்படிச் செய்திருக்கமாட்டேன். செய்தால் வேலை போய்விடும். சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைத்து, வித்தியாசம் எங்கே என்று தேட வேண்டும் என்பதுதான் விதி. அம்மாவின் உடம்பு சம்பந்தப்பட்ட கணக்கில் தேடாமல் சரிக்கட்டிவிட்டேன்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், இதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்று. மிர்யம் ஸ்ப்ராங்கர்ஸ், கரோலின் ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் 1999ல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நோயோடு இருக்கிறவரின் உள்ளேயிருக்கும் அளவுகோலே நகர்ந்துவிடுகிறது. முதலில் 'கடுமை' என்று அவர் நினைத்திருந்தது பிறகு 'சுமார்' ஆகிறது, அல்லது எதிர்மாறாக. இரண்டு தாள்களிலும் ஒரே கேள்வி, ஒரே எண்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு கோலால் அளந்தவை. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிப்பது முழத்திலிருந்து மீட்டரைக் கழிக்கிற மாதிரி. இதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகு, இப்போது யோசித்துப் பார்த்தால் ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று இரண்டாம் தடவை கேட்பது.

கேட்டேன். அம்மா மாடிக் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீழே போய் அவளே வாங்கிவந்த கீரை. "மொத தடவ ஆஸ்பத்திரிக்குப் போகையில எப்படிம்மா இருந்தே?"

"அப்ப எங்கய்யா இருந்தேன்? கெடந்தேன்."

தலை நிமிராமல் சொன்னாள். அதற்கு 0 முதல் 4 வரைக்குள் எண் இல்லை.

அன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்தேன். பத்து வருஷத்தில் நான் எழுதி அச்சான மதிப்புரைகளை எடுத்து எண்ணினேன். மொத்தம் 37. சோர்வு 14 இடம். சலிப்பு 11. அலுப்பு 9, அதில் ஆறு பாராட்டாக. விரக்தியை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். களைப்பு ஓரிடத்தில்கூட இல்லை. ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் எழுதியதையெல்லாம் சேர்த்து 1929ல் புத்தகமாகப் போட்டார். கவிதையைப் படிக்காமலே, தங்களிடம் ஏற்கெனவே தயாராயிருந்த எதிர்வினையைப் பலர் எடுத்து நீட்டியிருந்தார்கள் என்பது அதில் அவர் கண்டவற்றில் ஒன்று. இதை நான் மேடையில் இரண்டு தடவை மேற்கோள் காட்டியிருக்கிறேன். புதுக்கவிதைக்காரன் சோர்ந்திருப்பான் என்பது எனக்குத் தயாராக இருந்திருக்கிறது. வேலை செய்துவிட்டுக் களைத்த ஒருவன் எந்தக் கவிதையிலாவது இருந்தானா, இருந்து நான் பார்க்காமல் விட்டேனா என்று இனிமேல் 37 புத்தகங்களையும் திரும்பப் படித்தால்தான் தெரியும். பட்டியல் போடுகிறார் என்று க.நா.சு.வை அத்தனை பேர் திட்டினார்கள். அவராவது படித்துவிட்டுப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பாங்கில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பிஸியோதெரபிஸ்டிடம் நடந்ததைச் சொன்னேன். சின்னப் பெண், என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஃபைலைப் பார்த்தாள். "நிறையப் பேர் வீட்ல இப்படிப் பண்ணுவாங்க சார், வந்து சொல்றதில்ல" என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, வேறு எதற்காவதா தெரியவில்லை. என் தாளின் குறுக்கே கோடு கிழித்துக் கையெழுத்தும் தேதியும் போட்டாள். பாங்கில் அடித்தல் திருத்தல் செய்கிற முறையே அதுதான். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். "நீங்க வெளிய இருங்க சார், நானே அம்மாட்ட கேட்டுக்கறேன்" என்றாள்.

தாழ்வாரத்தில் வேறு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம். கூம்பைச் சுற்றித் திரும்பும்போதெல்லாம் இடது கை சுவரைத் தேடியது. கடிகாரத்தோடு நின்ற இளைஞன், நன்றாகச் செய்கிறீர்கள், இரண்டு நிமிஷம் பாக்கி என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னான். கதவுக்குள்ளிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. என்னிடம் 13 கேள்விக்கும் அவள் ஒரு தடவைகூடச் சிரித்திருக்கவில்லை.

இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தாள்.

"எவ்வளவு வந்துச்சும்மா?"

"அதயெல்லாம் அந்தப் பிள்ளட்டச் சொல்லியாச்சு. ஒனக்கு என்னத்துக்கு?"

லிப்ட் பக்கம் திரும்பினேன். அவள் வேண்டாம் என்று படிக்கட்டுக்குப் போனாள். முதல் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினாள். மணி 10:40. பதினொன்றுக்கு நான் கவுண்டரில் இருக்க வேண்டும். இன்னும் இரண்டு மாடி இருந்தது.